கொடையா, முன்பணமா? சுரங்க ஊர்ப் பள்ளிகளில் கம்பெனிகளின் கை

நினைவுச் சொற்பொழிவு என்றால் மறைந்தவரின் பெருமையைச் சொல்லிவிட்டுக் கலைவது ஒரு வழக்கமாகிவிட்டது. அவர்கள் விட்டுச்சென்ற வேலையில் ஒன்றையாவது எடுத்துப் பேசுவதுதான் உண்மையான நினைவு என்று நான் நினைக்கிறேன். ஆகவே பள்ளிக்கூடம் பற்றிப் பேசவிருக்கிறேன். குறிப்பாக, பூமியைத் தோண்டிப் பிழைக்கும் தொழில்கள் உள்ள ஊர்களில், அந்தத் தொழிலை நடத்துகிற கம்பெனிகள் நம் பிள்ளைகளின் பள்ளிக்குள் எப்படி வருகின்றன, வந்து என்ன செய்கின்றன என்பது பற்றி.

ஏனாத்தூரில் நின்றுகொண்டு சுரங்கத்தைப் பற்றி ஏன் பேச வேண்டும் என்று ஒருவர் கேட்கலாம். காஞ்சிபுரம் என்றால் பட்டு, கோயில் என்றுதான் வெளியூர்க்காரர்கள் அறிவார்கள். இதே மாவட்டத்தில் வாலாஜாபாத், உத்திரமேரூர் பக்கம் போய்ப் பாருங்கள். மலை இருந்த இடத்தில் பள்ளம் இருக்கிறது. கல்குவாரி, கிரஷர், ஜல்லி லாரி, எம்-சாண்ட் ஆலை என்று ஒரு தொழிலே அங்கே வேரூன்றியிருக்கிறது. அந்தத் தூசியில் வாழ்பவர்களில் பெரும்பகுதி சேரி மக்களும் இருளர்களும்தான். அரியலூரில் சிமென்ட்டுக்கான சுண்ணாம்புக்கல், நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி. பெயரும் ஆழமும்தான் வேறு.

முன்பணம் என்ற பழைய பாடம்

இந்த ஊருக்கு ஒரு சொல் நன்றாகத் தெரியும்: முன்பணம். தறி முதலாளியிடம் அட்வான்ஸ் வாங்கிய கூலி நெசவாளர் அந்தப் பணம் தீரும்வரை வேறு தறிக்குப் போக முடியாது. கூலி குறைந்தது என்று கேட்கவும் முடியாது. வீட்டில் கல்யாணம், சாவு, வைத்தியம் என்று வாங்கிய பணத்துக்காகப் பிள்ளைகளைத் தறியில் உட்கார வைத்த காலம் ஒன்று இருந்தது. காஞ்சிபுரம் பட்டுத்தறிகளில் குழந்தைகள் முன்பணத்துக்குக் கொத்தடிமையாக இருந்ததை மனித உரிமைக் கண்காணிப்பகம் 2003இல் வெளியிட்ட அறிக்கையும் பதிவு செய்திருக்கிறது.

முன்பணம் கொடுக்கிறவர் கொடுக்கும்போது உதவி செய்கிறவராகத்தான் தெரிவார். அவசரத்துக்குக் கைகொடுத்தார் என்ற நன்றியும் உண்மையானதுதான். ஆனால் அந்தப் பணத்தோடு சேர்ந்து ஒன்று கைமாறுகிறது. வாங்கியவர் கேள்வி கேட்கிற உரிமையை மெல்ல இழக்கிறார். சுரங்க ஊர்ப் பள்ளிக்கு வரும் கம்பெனிப் பணத்தையும் இந்தக் கண்ணால் பார்க்க வேண்டும் என்பதே என் பேச்சின் சாரம். அது கொடையா, முன்பணமா? எப்படிக் கண்டுபிடிப்பது?

நிலமும் பள்ளியும் ஒன்றாகக் கேட்கப்பட்டவை

நம் முன்னோர் பள்ளியைத் தருமமாகக் கேட்டதில்லை. பழைய செங்கல்பட்டு மாவட்டத்தின் ஆட்சியராக இருந்த திரெமென்ஹீர், இந்த மண்ணின் பறையர்களின் நிலையைப் பற்றி 1891இல் அறிக்கை எழுதினார். அதன் தொடர்ச்சியாக 1892 செப்டம்பர் 30இல் வந்த அரசாணை 1010ஏ தான் பஞ்சமி நிலங்களுக்கு அடிப்படை. சுமார் 12 லட்சம் ஏக்கர் அப்படி ஒதுக்கப்பட்டதாகச் சொல்லப்படுகிறது. அடுத்த ஆண்டு, 1893 பிப்ரவரியில், பஞ்சமர் கல்விக்காகத் தனி அரசாணை வந்தது. நிலமும் பள்ளியும் ஒரே கோரிக்கையின் இரண்டு கால்கள். அந்த 1893இல்தான் இரட்டைமலை சீனிவாசன் 'பறையன்' இதழைத் தொடங்கினார். எழுத்து வேண்டும், நிலம் வேண்டும், இரண்டும் எங்கள் உரிமை என்ற குரல் இந்த மாவட்டத்து மண்ணுக்குப் புதிதல்ல. 1994 அக்டோபர் 10இல் காரணையில் பஞ்சமி நிலத்துக்காக நின்ற ஜான் தாமஸும் ஏழுமலையும் துப்பாக்கிச் சூட்டில் உயிர்விட்டதும் அந்தக் குரலின் தொடர்ச்சிதான்.

சுரங்கம் இந்த இரண்டு கால்களையும் பிரித்துவிடுகிறது. நிலத்தை எடுத்துக்கொள்கிறது, பதிலுக்குப் பள்ளிக்கு ஏதோ ஒன்றைக் கொடுக்கிறது. கொடுக்கும்போது பலகை வைக்கிறது. நிலம் போனதற்குப் பலகை கிடையாது.

சட்டத்தில் இரண்டு வகைப் பணம்

மாணவர்கள் இதைக் கவனமாகக் குறித்துக்கொள்ள வேண்டும். சுரங்க ஊர்ப் பள்ளிக்கு வரக்கூடிய பணம் சட்டப்படி இரண்டு வகை. இரண்டையும் ஒன்றாகக் குழப்புவதில் கம்பெனிக்கு லாபம் இருக்கிறது.

முதலாவது, சிஎஸ்ஆர் எனப்படும் சமூகப் பொறுப்பு நிதி. 2013ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் 135ஆம் பிரிவு இது. நிகர மதிப்பு 500 கோடி, அல்லது விற்றுமுதல் 1000 கோடி, அல்லது நிகர லாபம் 5 கோடி உள்ள கம்பெனிகள், முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். 2014 ஏப்ரலிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. நாடு முழுக்க இந்தப் பணத்தில் பெரும் பங்கு கல்விக்குத்தான் போகிறது. எங்கே, எந்தப் பள்ளிக்கு, எதற்கு என்பதைக் கம்பெனியின் நிர்வாகக் குழு முடிவு செய்கிறது. பலகையில் கம்பெனி பெயர் இருக்கும், திறப்பு விழாவில் கம்பெனி அதிகாரி ரிப்பன் வெட்டுவார்.

இரண்டாவது, மாவட்டக் கனிம அறக்கட்டளை நிதி. சுரங்கங்கள், கனிமங்கள் சட்டத்தில் 2015இல் செய்த திருத்தத்தின்படி, சுரங்கத்தால் பாதிக்கப்பட்ட மக்களுக்காகவும் பகுதிகளுக்காகவும் மாவட்டந்தோறும் இந்த அறக்கட்டளை அமைய வேண்டும். குத்தகைதாரர் அரசுக்குக் கட்டும் ராயல்டியோடு கூடுதலாக இதற்கும் கட்ட வேண்டும். 2015 ஜனவரி 12க்கு முந்தைய பெருங்கனிமக் குத்தகைகளுக்கு அது ராயல்டியில் 30 சதவீதம், பிந்தையவற்றில் ஏலத்தில் விடப்பட்டவற்றுக்கு 10 சதவீதம். இந்த நிதியில் குறைந்தது 60 சதவீதத்தைக் குடிநீர், சுகாதாரம், கல்வி முதலிய முன்னுரிமைத் துறைகளுக்குச் செலவிட வேண்டும் என்று 2015 வழிகாட்டுதல் சொன்னது. 2024இல் அது 70 சதவீதமாக உயர்ந்தது. கல்குவாரி போன்ற சிறுகனிமங்களையும் மாநில விதிகளின் வழியாக இதற்குள் கொண்டுவரச் சட்டத்தில் இடமிருக்கிறது.

வேறுபாட்டைப் பாருங்கள். முதல் பணத்தில் எங்கே, யாருக்கு என்பது கம்பெனியின் விருப்பம். இரண்டாவது பணம் பாதிக்கப்பட்டவரின் பங்கு. உங்கள் ஊர் மலையை உடைத்ததற்கான இழப்பீட்டின் ஒரு பகுதி அது. அதைக் கேட்பதற்கு யாருக்கும் நன்றி சொல்ல வேண்டியதில்லை. ஆனால் ஊரில் யாரைக் கேட்டாலும் 'கம்பெனிக்காரர் ஸ்மார்ட் கிளாஸ் போட்டுக்கொடுத்தார்' என்பது தெரிந்திருக்கும். மாவட்டத்தில் கனிம அறக்கட்டளை என்று ஒன்று இருப்பது தெரிந்திருக்காது. பங்கை மறந்துவிட்டுப் பரிசுக்குக் கைதட்டுகிற நிலை இப்படித்தான் உருவாகிறது.

நெய்வேலி: வேலிக்கு உள்ளும் வெளியும்

நம் மாநிலத்திலேயே பெரிய உதாரணம் நெய்வேலி. 1956இல் தொடங்கப்பட்ட பொதுத்துறை நிறுவனம் அது. நிறுவனத்தின் நகரியத்தில் அகலமான சாலைகள், மருத்துவமனை, பள்ளிகள், விளையாட்டு மைதானம் எல்லாம் வந்தன. நகரியப் பள்ளிகளில் படித்து உயர்ந்தவர்கள் ஏராளம், அதை மறுக்க வேண்டியதில்லை. பொதுத்துறை என்பதால் இடஒதுக்கீடு இருந்தது. அதன் வழியாக நம் குடும்பங்கள் சிலவும் நிரந்தர வேலைக்குப் போயின.

ஆனால் நிலம் கொடுத்த கிராமம் வேலிக்கு வெளியே நின்றது. சொந்த நிலம் இருந்தவருக்கு ஏக்கர் கணக்கில் இழப்பீடு உண்டு. அந்த நிலத்தில் நாற்று நட்டுக் களை எடுத்துப் பிழைத்த சேரித் தொழிலாளிக்குப் பட்டாவும் இல்லை, இழப்பீட்டுக் கணக்கில் இடமும் இல்லை. சுரங்கம் விரிய விரிய இந்தப் புண் ஆறவில்லை. 2023 ஜூலையில் வளையமாதேவியில் நெற்பயிர் நின்ற வயலில் பொக்லைன் இறங்கியதை நாம் எல்லோரும் தொலைக்காட்சியில் பார்த்தோம்.

கல்விக்கும் இதற்கும் என்ன தொடர்பு? 2022இல் அந்த நிறுவனம் 299 பட்டதாரிப் பொறியாளர் பயிற்சியிடங்களுக்கு 'கேட்' தேர்வு மதிப்பெண்ணை அடிப்படையாக வைத்தபோது, தேர்வுப் பட்டியலில் தமிழ்நாட்டுப் பிள்ளைகள் இல்லை என்று இங்குள்ள கட்சிகள் எதிர்ப்புத் தெரிவித்தன. மண் இங்கே, வேலை வேறெங்கோ என்ற கோபம் நியாயமானது. நாம் இன்னும் ஒரு படி உள்ளே போய்க் கேட்க வேண்டும். சுரங்கத்துக்கு இடம் கொடுத்த கிராமத்துப் பள்ளியிலிருந்து பொறியியல் வரை ஒரு பிள்ளை போய்ச் சேர இத்தனை ஆண்டுகளில் என்ன வழி செய்யப்பட்டது? நோட்டுப் புத்தகமும் பள்ளிப்பையும் கொடுத்ததைக் கணக்கில் காட்டலாம். கணக்கு, அறிவியல் ஆசிரியர் இடம் காலியாகக் கிடந்த வருடங்களை யார் கணக்கில் காட்டுவது?

ஒடிசா: பள்ளியே பெருநிறுவனமாகும்போது

நெய்வேலியில் பள்ளி வேலிக்கு உள்ளும் வெளியுமாகப் பிரிந்தது. ஒடிசாவில் பிள்ளைகளையே மலையிலிருந்து நகரத்துக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். புவனேஸ்வரத்தில் கலிங்கா சமூக அறிவியல் நிறுவனம் என்ற உறைவிடப் பள்ளி 1993இல் 125 ஆதிவாசிக் குழந்தைகளோடு தொடங்கியது. இன்று ஏறத்தாழ முப்பதாயிரம் பேர் அங்கே தங்கிப் படிக்கிறார்கள். 2017இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமும் ஆனது. சாப்பாடு, தங்குமிடம், படிப்பு எல்லாம் இலவசம். அரசுப் பள்ளியில் ஆசிரியரே வராத மலைக் கிராமத்துத் தாய்தகப்பன் பிள்ளையை அங்கே அனுப்புவதை நாம் குறை சொல்ல முடியாது.

கேள்வி வேறிடத்தில் இருக்கிறது. அந்த ஆதிவாசிகளின் மலைகளில்தான் பாக்சைட்டும் இரும்பும் இருக்கின்றன. அந்த மலைகளைக் கேட்கிற தொழில்துறையோடு இந்த நிறுவனம் கைகோத்து நிற்கிறது, அதானி குழுமத்தோடு சேர்ந்து மயூர்பஞ்ச் மாவட்டத்தில் பள்ளி நடத்துவது இதற்கு ஒரு சான்று என்று ஆதிவாசி அமைப்புகளும் ஆய்வாளர்களும் விமர்சித்தார்கள். வரிப்பணத்தில் வாழ்கிறவர்களை வரி கட்டுகிறவர்களாக மாற்றுகிறோம் என்ற பொருளில் அந்த நிறுவனம் தன்னை விளம்பரப்படுத்திக்கொண்டதும் கண்டனத்துக்கு ஆளானது. ஆயிரம் வருடமாகக் காட்டைக் காத்தவன் 'பாரம்' ஆகிவிடுகிற மொழி அது. இந்த மொழி நமக்குப் புதிதா? உதவித்தொகை வாங்கும் நம் பிள்ளைகளைப் பார்த்துச் சொல்லப்படுவதும் இதுதானே!

உலக மானுடவியல் மாநாட்டை 2023இல் அங்கே நடத்துவதாக இருந்தது. எதிர்ப்பு வலுத்தபின் 2020இல் மானுடவியலாளர்களின் சர்வதேச ஒன்றியம் அந்தக் கூட்டிலிருந்து விலகிக்கொண்டது.

இதன் பக்கத்தில் நியாம்கிரியை வைத்துப் பாருங்கள். வேதாந்தா ஆலைக்காக அந்த மலையில் பாக்சைட் வெட்டலாமா என்பதைக் கிராம சபைகளே சொல்லட்டும் என்று உச்ச நீதிமன்றம் 2013 ஏப்ரல் 18இல் தீர்ப்பளித்தது. அந்த ஆண்டே 12 கிராம சபைகள் கூடின. பன்னிரண்டும் வேண்டாம் என்றன. அங்கே எழுந்து பேசிய டோங்கரியா கோந்த் மக்களில் பலர் பள்ளி வாசலை மிதிக்காதவர்கள். ஆனால் தங்கள் ஓடை எங்கே பிறக்கிறது, மலை போனால் எது போகும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அந்த அறிவைப் பள்ளி வளர்க்கிறதா, மறக்கடிக்கிறதா? சுரங்கத்துக்கும் பள்ளிக்குமான உறவில் அடிப்படைக் கேள்வி இதுதான்.

பாடத்தில் எது விடுபடுகிறது

இந்தியாவில் மட்டும் நடப்பதல்ல இது. அமெரிக்காவின் கென்டக்கி, மேற்கு வர்ஜீனியா நிலக்கரிப் பகுதிகளில், நிலக்கரியைப் பற்றிப் பாடம் தயாரிக்க ஆசிரியர்களுக்கு நிதி, மாணவர்களுக்கு நிலக்கரிக் கண்காட்சி, பரிசு என்று தொழில்துறை ஆதரவோடு திட்டங்கள் நடந்தன. 2011இல் ஸ்காலஸ்டிக் என்ற பெரிய கல்விப் பதிப்பகம், நிலக்கரித் துறையின் அறக்கட்டளை ஒன்றின் பணத்தில் நான்காம் வகுப்புக்கான பாடப்பொருள் வெளியிட்டது. நிலக்கரியின் நன்மைகளைச் சொன்ன அந்தப் பாடம், அதன் தீமைகளைச் சொல்லவில்லை. ஆசிரியர்களும் பெற்றோரும் எதிர்த்தார்கள். பதிப்பகம் அதைத் திரும்பப் பெற்றது.

கவனியுங்கள், அந்தப் பாடத்தின் கோளாறு அதில் எழுதாமல் விட்டதில்தான் இருந்தது. சமூகவியலில் இதை மறைமுகப் பாடத்திட்டம் என்போம். புத்தகத்தில் இருப்பது மட்டும் பாடமல்ல. சுவரில் யார் பெயர் எழுதியிருக்கிறது, ஆண்டுவிழாவில் யாருக்குச் சால்வை, எந்தக் கேள்வி கேட்டால் ஆசிரியர் முகம் மாறுகிறது என்பதும் பாடம்தான். குவாரிக்குப் பக்கத்துப் பள்ளியில் 'சுற்றுச்சூழலைக் காப்போம்' என்று கட்டுரைப் போட்டி நடக்கும். பரிசு கொடுப்பவர் குவாரிக்காரராக இருந்தால் பிள்ளை பிளாஸ்டிக் பையைப் பற்றி எழுதும், வெடிச்சத்தத்தில் விரிசல் விட்ட தன் வீட்டுச் சுவரைப் பற்றி எழுதாது. எழுதக் கூடாது என்று யாரும் சொல்லத் தேவையில்லை.

கல் உடைக்கும் தூசியால் வரும் சிலிக்கோசிஸ் நுரையீரல் நோய், சட்டத்தால் தொழில்நோயாக அறிவிக்கப்பட்டது. அதற்கு மருந்தில்லை, தடுப்பு மட்டும்தான் உண்டு. அப்பா இருமுவதைக் காசநோய் என்று நினைத்துக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு இந்த ஒரு வரியைச் சொல்வது எந்த ஸ்மார்ட் கிளாஸையும் விடப் பெரிய கல்வி. குடியிருப்பிலிருந்து 300 மீட்டருக்குள் குவாரி கூடாது என்கிறது தமிழ்நாட்டுச் சிறுகனிம விதி. ஏழாம் வகுப்புப் பிள்ளைகளிடம் அளவுநாடாவைக் கொடுத்து அளக்கச் சொன்னால் அது கணக்குப் பாடம், சமூக அறிவியல் பாடம் இரண்டும். கம்பெனியின் பணத்தில் நடக்கும் பள்ளியில் எந்த ஆசிரியர் அளக்கச் சொல்வார்?

தூத்துக்குடியில் ஸ்டெர்லைட் தாமிர ஆலைக்கு எதிரான போராட்டத்தில் 2018 மே 22, 23 ஆகிய நாட்களில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் உயிரிழந்தார்கள். ஆலை மூடப்பட்டபின்னும் அந்த நிறுவனத்தின் பெயரில் கல்வி உதவிகளும் குடிநீர்த் திட்டங்களும் சுற்றுக் கிராமங்களில் தொடர்ந்தன. ஓடாத ஆலைக்கு ஏன் அவ்வளவு கருணை என்று அந்த மக்களில் பலர் கேட்டார்கள். அதைவிடச் சிறந்த சமூகவியல் கேள்வியை நான் எந்த வகுப்பிலும் கேட்டதில்லை.

'கழிப்பறை கட்டினால் என்ன தப்பு?'

நியாயமான மறுப்பு ஒன்று இருக்கிறது. கழிப்பறை இல்லாத பள்ளியில் வயதுக்கு வந்த பெண்பிள்ளை மாதத்தில் நான்கு நாள் வீட்டில் உட்காருகிறாள். நம் மாநிலத்தில் ஆதிதிராவிடர் நலப் பள்ளிகள் ஆயிரத்துக்கும் மேல் இருக்கின்றன. அவற்றில் எத்தனையின் கூரை ஒழுகுகிறது என்பதை நீங்கள் அறிவீர்கள். யார் பணமாக இருந்தால் என்ன, கட்டிடம் வரட்டுமே என்று ஒரு தாய் சொன்னால், அவருக்குத் தத்துவம் பேசுவது நம் வேலையல்ல.

ஆனால் அந்தத் தாய்க்கு நாம் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. அம்மா, அந்தக் கழிப்பறைக்கான பணம் ஏற்கெனவே உங்களுடையது. கட்டாயக் கல்வி அரசியல் சட்டத்தின் 21ஏ பிரிவின்படி அடிப்படை உரிமை. கழிப்பறையும் குடிநீரும் 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையிலேயே இருக்கின்றன. அரசு செய்யாமல் விட்ட இடத்தில்தான் கம்பெனி நுழைகிறது. அரசின் கடமை கம்பெனியின் கருணையாக மாறும்போது, கேட்டு வாங்குகிற குடிமகள் கும்பிட்டு வாங்குகிறவளாக மாறுகிறாள்.

தமிழ்நாட்டு அரசு 2022 டிசம்பரில் 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' திட்டத்தைத் தொடங்கி, முன்னாள் மாணவர்களிடமும் நிறுவனங்களிடமும் அரசுப் பள்ளிகளுக்கு நிதி திரட்டுகிறது. 2024 இறுதியில் 500 அரசுப் பள்ளிகளைத் தனியார் பள்ளிகள் தத்தெடுப்பதாகச் செய்தி வந்து, எதிர்ப்பு கிளம்பியதும், தத்துக்கொடுப்பு எதுவும் இல்லை என்று அமைச்சர் மறுத்தார். 'தத்து' என்ற ஒரு சொல் அத்தனை பேரைச் சுட்டது. பெற்றவர் உயிரோடு இருக்கும்போது பிள்ளையைத் தத்துக் கொடுப்பதில்லை என்று நம் மக்களுக்குத் தெரியும். பழைய மாணவர் ஒருவர் தான் படித்த பள்ளிக்கு மேசை வாங்கித் தருவதும், அந்த ஊர் மலையை உடைக்கிற கம்பெனி கட்டிடம் கட்டித் தருவதும் ஒரே வரிசையில் வைக்கத்தக்கவை அல்ல. முதலாமவருக்கு அந்த ஊரில் மறைக்க வேண்டியது எதுவும் இல்லை.

செய்யக்கூடிய வேலை

கொடையா, முன்பணமா என்று கண்டுபிடிக்க ஒரு எளிய வழி இருக்கிறது. பணம் கொடுத்தவரைப் பற்றி அந்தப் பள்ளியில் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். கேட்க முடிந்தால் கொடை. கேட்க முடியாவிட்டால் முன்பணம்.

முடிந்தால் இந்த ஆண்டே நாம் தொடங்கக்கூடிய வேலைகள் சில உண்டு. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மாவட்ட நிர்வாகத்திடம் கேளுங்கள்: கனிம அறக்கட்டளைக்கு இந்த மாவட்டத்தில் எவ்வளவு வந்தது, கல்விக்கு எவ்வளவு போனது, எந்தெந்தப் பள்ளிக்கு? குவாரிக்கு அருகிலுள்ள சேரிப் பள்ளியும் இருளர் குடியிருப்புப் பள்ளியும் அந்தப் பட்டியலில் இருக்கின்றனவா? அடுத்து, பள்ளி மேலாண்மைக் குழு. கல்வி உரிமைச் சட்டத்தின்படி அதில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும், நலிந்த பிரிவினருக்கு உரிய விகிதத்தில் இடம் வேண்டும், பள்ளி மேம்பாட்டுத் திட்டத்தை அந்தக் குழுதான் தயாரிக்க வேண்டும். கம்பெனி எதைத் தர விரும்புகிறது என்று காத்திராமல், பள்ளிக்கு எது வேண்டும் என்று அங்கே தீர்மானம் போடுங்கள். அந்தத் தீர்மானத்தைக் கிராம சபைக்குக் கொண்டுபோங்கள். நியாம்கிரியில் பன்னிரண்டு கிராம சபைகள் செய்ததைப் பற்றி அங்கே பேசுங்கள்.

மூன்றாவது, மாணவர்களுக்கு. மாலைநேரப் படிப்பகங்களில் பாடம் சொல்லிக் கொடுக்கும் நீங்கள், பாடப்புத்தகம் விட்ட வரிகளை எழுதுங்கள். ஊர் நிலம் யாருடையதாக இருந்தது, பஞ்சமி நிலம் எத்தனை ஏக்கர், இன்று யார் கையில், மலை எப்போது குவாரி ஆனது, யாருக்கு என்ன நோய் வந்தது. இதைத் தாத்தா பாட்டியிடம் கேட்டு எழுதும் பிள்ளைக்கு ஆய்வுமுறையும் கைவரும், தன்மானமும் கைவரும்.

கற்பி, ஒன்றுசேர், போராடு என்ற அண்ணல் அம்பேத்கரின் முழக்கத்தில் கற்பி என்பது முதலில் நிற்கிறது. அந்த வினைக்கு எழுவாய் நாம். கற்பிக்கிற வேலையைக் கம்பெனியிடம் விட்டுவிட்டு, ஒன்றுசேர்வதையும் போராடுவதையும் மட்டும் நம்மிடம் வைத்துக்கொள்ள முடியாது. பள்ளிக் கூரையைச் சட்டப்படி வாங்குவோம். பாடத்தை யாருக்கும் அடகு வைக்காமல் இருப்போம்.

ஜெய்பீம்.